சத்தம் எங்கே போனது?

திருவண்ணாமலையில் நான் பணிபுரியும் பள்ளியின் கணினி ஆய்வகத்தில், கதவோரம் இருக்கும் முதல் கணினி பார்வைத்திறன் குறைபாடுடைய ஒன்பதாம் வகுப்பு மாணவர் ஒருவருக்கானது. திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் என்.வி.டி.ஏ. மென்பொருளை அதில் நிறுவியிருக்கிறோம். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கர்ரன், தாமும் பார்வையற்றவர், 2006இல் எழுதத் தொடங்கிய மென்பொருள் அது. இலவசமாகக் கிடைக்கிறது, தமிழையும் படிக்கும். குரல் கொஞ்சம் இயந்திரத்தனமாக இருக்கும், போகப்போகப் பழகிவிடும்.

சென்ற ஆண்டு ஒருநாள் பாடப் படங்களைக் காட்டுவதற்காக அந்தக் கணினியில் புரொஜெக்டரை இணைத்தேன். கேபிள் அதுவரைதான் எட்டும். படங்களின் கீழுள்ள குறிப்புகளை அவர் ஹெட்போனில் கேட்டுக்கொள்வார் என்பது என் எண்ணம். கால் மணி நேரம் கழித்துத்தான் பார்த்தேன், கைகளை மடியில் வைத்தபடி சும்மா உட்கார்ந்திருந்தார்.

"என்னப்பா ஆச்சு?"

"சத்தம் வரல சார்."

"சொல்லியிருக்கலாமே?"

"எல்லாரும் பாத்துக்கிட்டு இருந்தாங்க சார்."

மற்ற பிள்ளைகளுக்குச் சத்தம் போனால் படமாவது மிஞ்சும். அவருக்குக் கணினியே அணைந்துபோன மாதிரி.

காரணம் மிகச் சாதாரணமானது. எச்.டி.எம்.ஐ. கேபிள் படத்தோடு ஒலியையும் சேர்த்தே கொண்டுபோகும். அதைச் செருகியதும் கணினி புரொஜெக்டரையும் ஒரு ஸ்பீக்கராக எடுத்துக்கொண்டு, பல நேரங்களில் ஒலியை அங்கே அனுப்பிவிடும். புரொஜெக்டரில் ஸ்பீக்கர் இருக்காது, இருந்தாலும் ஒலியளவு குறைத்து வைக்கப்பட்டிருக்கும். திரையின் கீழ் வலது மூலையில் உள்ள ஸ்பீக்கர் படத்தைச் சொடுக்குங்கள். ஒலி எந்தக் கருவிக்குப் போகிறது என்பதை அங்கே பார்க்கலாம். புரொஜெக்டரின் பெயர் இருந்தால், அருகிலுள்ள அம்புக்குறியை அழுத்தி ஸ்பீக்கர் அல்லது ஹெட்போனைத் தேர்ந்தெடுத்தால் போதும். பாஸ் போன்ற லினக்ஸ் கணினிகளில் இதே தேர்வு அமைப்புகளில் 'சவுண்ட்' பகுதியில், 'அவுட்புட்' என்பதன் கீழ் இருக்கும்.

எங்கள் ஊருக்கென்றே இன்னொரு தொல்லை உண்டு. கார்த்திகை தீபத்தின்போது பாதுகாப்புக்கு வரும் காவலர்கள் எங்கள் வகுப்பறைகளில் தங்குவார்கள். கணினிகளைக் கழற்றி ஓர் அறையில் அடுக்கிவிட்டுத் திருவிழா முடிந்ததும் மறுபடி மாட்டுவோம். அந்த வாரம் பாதிக் கணினிகள் ஊமையாகிவிடும். பச்சைத் துளை ஸ்பீக்கருக்கும் ஹெட்போனுக்கும், இளஞ்சிவப்பு மைக்குக்கு, இளநீலம் வெளியிலிருந்து ஒலியை உள்ளே வாங்குவதற்கு. மேசைக்கடியில் குனிந்து இருட்டில் செருகும்போது பச்சையும் நீலமும் ஒன்றுபோலத் தெரியும். முன்பக்கத் துளையில் ஒலி வராமல் பின்பக்கத்தில் வந்தால், பெட்டிக்குள் முன்பக்கத்துக்குப் போகும் ஒயர் கழன்றிருக்கலாம். எலி கடித்ததையும் பார்த்திருக்கிறேன்.

ஆகவே காதிலிருந்து தொடங்கி உள்ளே போங்கள். அதே ஹெட்போனை வேறு கணினியில் மாட்டிப் பாருங்கள். அங்கே கேட்டால் ஹெட்போன் நன்றாக இருக்கிறது. ஸ்பீக்கர் என்றால் அதன் மின்விளக்கு எரிகிறதா, திருகு குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரே ஒரு செயலியில் மட்டும் ஒலி இல்லையென்றால் 'வால்யூம் மிக்ஸர்' பகுதியில் அது மட்டும் அடக்கப்பட்டிருக்கும். எல்லாம் சரியாக இருந்தும் வரவில்லையென்றால் ஒருமுறை மறுதொடக்கம் செய்யுங்கள். "சவுண்ட் கார்டு போச்சு, போர்டையே மாத்தணும்" என்று யாராவது சொன்னால் உடனே சம்மதித்துவிடாதீர்கள். யு.எஸ்.பி.யில் செருகும் சிறிய ஒலி அடாப்டரே பெரும்பாலும் போதும்.

இப்போது புரொஜெக்டரை இணைத்ததும் அந்த மாணவரைத்தான் முதலில் கேட்கிறேன். கண்ட்ரோல், ஆல்ட், என் மூன்றையும் சேர்த்து அழுத்தி என்.வி.டி.ஏ.வை மறுபடி தொடங்கிப் பார்க்கிறார். குரல் வரவில்லையென்றால் கையைத் தூக்கிவிடுவார். துளைகளின் நிறம் அவருக்குப் பயன்படாது என்பது எனக்குத் தோன்றவேயில்லை. பக்கத்து இருக்கை மாணவிதான் தன் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை எடுத்து, ஹெட்போன் துளைக்கு மேலே ஒட்டிவைத்தாள். விரலால் தடவி அவரே செருகிக்கொள்கிறார்.