கடிவாளம் இல்லாத குதிரை

சொன்ன பேச்சுக் கேளாமல் தெருவெல்லாம் சுற்றிவிட்டு வரும் பேரனைப் பார்த்து, "கடிவாளம் இல்லாத குதிரை மாதிரித் திரிகிறானே!" என்று பாட்டிமார்கள் அங்கலாய்ப்பது வழக்கம். கடிவாளத்தைக் கழற்றினால் குதிரை தறிகெட்டுத்தான் ஓடும் என்பதில் நமக்கெல்லாம் அவ்வளவு நிச்சயம்!

அமெரிக்காவில் ஒரு பெண்மணி அந்த நிச்சயத்தைக் கொஞ்சம் ஆட்டிவிட்டார்.

2006-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், ஓஹையோ மாகாணத்துக் கொலம்பஸ் நகரம். 'குவார்ட்டர் ஹார்ஸ்' என்னும் ஜாதிக் குதிரைகளுக்காக அங்கே வருஷந்தோறும் பெரிய விழா நடக்கிறது. அதில் 'ரெய்னிங்' என்று ஒரு போட்டி. மாட்டுப் பண்ணைகளில் மந்தையை மடக்குகிற குதிரை, நினைத்த மாத்திரத்தில் திரும்ப வேண்டும். பாய்ந்து வரும்போதே சட்டென்று நிற்கவும் வேண்டும். அந்தத் திறமைகளைக் கோத்து உண்டாக்கிய போட்டி இது. 'ரெயின்' என்றால் லகான். ஆகவே, 'லகான் வித்தை' என்றே இதைத் தமிழில் சொல்லலாம்.

இந்த லகான் வித்தைக்கு ஸ்டேஸி வெஸ்ட்பால் என்ற பெண்மணி லகானே இல்லாமல் வந்தார்! அவருடைய கறுப்புப் பெட்டைக்குதிரைக்குச் செல்லப் பெயர் ராக்ஸி. அதன் முகத்தில் கடிவாளம் இல்லை. முதுகில் சேணம் இல்லை. ஆகவே கால் வைக்க அங்கவடியும் இல்லை. ஸ்டேஸியின் தந்தை இறந்து அப்போது சில வாரங்களே ஆகியிருந்தன. இந்தச் சவாரி அவருடைய நினைவுக்குக் காணிக்கை என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். தன் நாட்கள் எண்ணப்பட்டுவிட்டன என்று தெரிந்துகொண்ட ஒரு மனிதனைப் பற்றிய பாட்டு ஒலிக்க ஆரம்பித்தது. குதிரை புறப்பட்டது.

முதலில் பெரிய வட்டம், அப்புறம் சின்ன வட்டம். நாலு கால் பாய்ச்சலில் வந்துகொண்டிருந்த குதிரை, பின்னங்கால்களை மண்ணில் சறுக்கிக்கொண்டே போய் நின்றது. நின்ற இடத்திலேயே பம்பரம் போலச் சுழன்றது. 'போதும்' என்று யார் சொன்னார்களோ, எப்படிச் சொன்னார்களோ, சுழற்சி டக்கென்று நின்றது! கூட்டம் எழுந்து நின்று ஆரவாரம் செய்தது. முதல் பரிசும் ஸ்டேஸிக்குத்தான். அந்தச் சலனப் படத்தை இன்றைக்கும் இன்டர்நெட்டில் பார்க்கலாம். பார்க்கிறவர்கள் கைக்குட்டையோடு உட்காருவது நல்லது.

"எல்லாம் பழக்கின குதிரை! பாட்டுக்குத் தகுந்தாற்போல் தானாகவே ஆடியிருக்கும்" என்று சிலர் நினைக்கலாம். அப்படி இல்லை. ஒவ்வொரு திருப்பத்துக்கும் உத்தரவு மேலேயிருந்து போய்க்கொண்டுதான் இருந்தது. நம் கண்ணுக்கு அது தெரியவில்லை, குதிரைக்குத் தெரிந்தது.

குதிரைக்கு என்னவெல்லாம் தெரியும் என்பதற்கு ஜெர்மனியில் ஒரு வேடிக்கையான சான்று உண்டு. பெர்லின் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்த வான் ஆஸ்டன் என்பவர் ஹான்ஸ் என்ற குதிரையை வளர்த்தார். "ஏழும் ஐந்தும் எவ்வளவு?" என்று கேட்டால் ஹான்ஸ் குளம்பால் பன்னிரண்டு முறை தட்டும். குதிரை கணக்குப் போடுகிறது என்று ஊரே வியந்தது. 1904-இல் இதை ஆராய ஒரு குழுவே கூடியது. கடைசியில் ஆஸ்கர் பங்ஸ்ட் என்ற ஆராய்ச்சியாளர் மர்மத்தைக் கண்டுபிடித்து, 1907-இல் வெளியிட்டார். கேள்வி கேட்பவர் குளம்பைப் பார்ப்பதற்காகத் தம்மையறியாமல் சற்றே குனிகிறார். சரியான எண் வந்ததும் தலையை இம்மியளவு நிமிர்த்துகிறார். அதைக் கண்டு ஹான்ஸ் தட்டுவதை நிறுத்திவிடுகிறது! கேட்பவருக்கே விடை தெரியாதபோதும், அவரைக் குதிரை பார்க்க முடியாதபோதும், கணக்கு தப்பாகிவிட்டது. எதிரே நிற்பவரின் தலையசைவையே இப்படிப் படிக்கிற பிராணி, தன் முதுகிலேயே உட்கார்ந்திருப்பவரின் மூச்சையும் இடுப்பையும் படிக்காதா? ஓர் ஈ வந்து உட்கார்ந்தால் அந்த இடத்துத் தோலை மட்டும் சிலிர்த்துக்கொள்கிற உடம்பல்லவா அது!

கடிவாளம் செய்யும் வேலையையும் கொஞ்சம் பார்ப்போம். குதிரையின் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல்லே இல்லாத ஓர் இடைவெளி உண்டு. அங்கேதான் கடிவாளத்தின் இரும்பு கிடக்கிறது. லகானை இழுத்தால் ஈறும் நாக்கும் அழுந்துகின்றன; அந்த அழுத்தத்திலிருந்து தப்பவே குதிரை நிற்கிறது. சுமார் 500 கிலோ எடையுள்ள பிராணியைக் கைப்பலத்தால் இழுத்து நிறுத்த யாராலும் முடியாது. மிரண்டுவிட்ட குதிரை, வாயில் இரும்பை வைத்துக்கொண்டேதான் ஓடுகிறது. எனவே, கைப்பலத்தை நம்பித்தான் சவாரி என்பது ஆண்பிள்ளைகளின் கற்பனை.

சரி, இதை எப்படிக் கற்றுக்கொள்கிறார்கள்? வீராப்பாகக் கடிவாளத்தைக் கழற்றி எறிந்துவிட்டு அல்ல. கடிவாளத்தோடு நன்றாகப் பழகிய சாதுவான குதிரை, சுமார் 60 அடி குறுக்களவுள்ள வட்ட வேலி, பக்கத்தில் அனுபவமுள்ள ஆசிரியர் - இந்த மூன்றும் முதலில் வேண்டும். கடிவாளம் அதன் இடத்திலேயே இருக்கட்டும். கூடவே, மாலை போட்டாற்போல் கழுத்தைச் சுற்றி ஒரு கயிறு.

முதல் பாடம் ஓடுவதல்ல, நிற்பது. குதிரை நடக்கும்போது அதன் முதுகசைவுக்கு ஏற்ப, ஏறியிருப்பவரின் இடுப்பும் அசைந்துகொண்டிருக்கும். நிறுத்த வேண்டுமானால் முதலில் அந்த அசைவை நிறுத்தி, மூச்சை விட்டு, கனமாக உட்கார வேண்டும். அடுத்தபடி வாயால் ஒரு சொல். பிறகு கழுத்துக் கயிறு. அதற்கும் நிற்காவிட்டால்தான் லகான். இந்த வரிசை ஒரு தடவைகூட மாறக் கூடாது. நின்ற கணமே எல்லாவற்றையும் தளர்த்திவிட வேண்டும். அந்தத் தளர்ச்சிதான் குதிரைக்குக் கூலி. அதை ஒரு நொடி தாமதமாகக் கொடுத்தாலும், எதற்குக் கிடைத்த கூலி என்று குதிரைக்குப் புரியாது.

நாள் செல்லச் செல்ல, 'இடுப்பு நின்றால் சொல் வரும், சொல்லுக்குப் பின் கயிறு வரும், கயிற்றுக்குப் பின் இரும்பு வரும்' என்று குதிரை தெரிந்துகொள்கிறது. இரும்பு வரும்வரை காத்திருப்பானேன்? இடுப்பு நின்றதுமே தானும் நின்றுவிடுகிறது. நம் வீடுகளில் நடக்காததா இது? விருந்தாளிகள் எதிரில் குழந்தை மூன்றாவது லட்டுக்குக் கையை நீட்டுகிறது, அம்மா ஒரு பார்வை பார்க்கிறாள், கை திரும்பிவிடுகிறது. அந்தப் பார்வைக்குப் பின்னால் எத்தனை நாள் பாடம் இருக்கிறது என்பது விருந்தாளிக்குத் தெரியாது.

திரும்புவதற்கும் இதே முறைதான். போக வேண்டிய திசையில் முதலில் கண் போக வேண்டும். கண்ணோடு தோளும், தோளோடு இடுப்பும் தாமாகவே திரும்பும். வலப்பக்கம் திரும்ப, இடது காலின் லேசான அழுத்தம். கழுத்தின் இடப்பக்கத்தில் கயிறு உரசல். அவ்வளவே.

இதிலே கஷ்டமான பகுதி குதிரையின் பங்கல்ல, நம்முடைய பங்கு. பயம் வந்தால் மனித உடம்பு என்ன செய்கிறது? முன்னால் குனிகிறது; கால்களால் குதிரையின் விலாவை இறுக்கிக்கொள்கிறது. குதிரையின் பாஷையில் இரண்டுக்கும் அர்த்தம், 'வேகமாக ஓடு' என்பதுதான்! கை 'நில்' என்று லகானை இழுக்கிறது, கால் 'ஓடு' என்கிறது. பாவம், குதிரை திகைக்கிறது. அதற்கு நாம் 'முரட்டுக் குதிரை' என்று பட்டம் சூட்டிவிடுகிறோம். லகானைக் கையிலிருந்து வாங்கிவிட்டால், கால் சொல்லுகிற பொய் உடனே வெளிப்பட்டுவிடும். கடைசிவரை கடிவாளத்தோடேயே சவாரி செய்யப் போகிறவர்களுக்கும் நல்ல ஆசிரியர்கள் இந்தப் பாடத்தைக் கொஞ்சம் புகட்டுவதற்குக் காரணம் இதுவே.

இது இந்தக் காலத்துப் புதுமையுமல்ல. இன்றைய அல்ஜீரியாவும் அதை ஒட்டிய பகுதிகளும் அந்நாளில் நுமிடியா எனப்பட்டன. அந்நாட்டுக் குதிரை வீரர்கள் கடிவாளமின்றியே போர் செய்தார்கள். கழுத்தில் ஒரு கயிறு, கையில் சிறு குச்சி, எறிவதற்கு ஈட்டிகள். கி.மு. 216-இல் கன்னே என்ற இடத்தில் ரோமாபுரியின் பெரும் படையை ஹானிபல் முறியடித்தபோது, இவர்களும் அவன் பக்கம் நின்றார்கள். கி.மு. 202-இல் ஸாமா யுத்தத்தில் மாஸினிஸ்ஸா மன்னனின் நுமிடியக் குதிரைகள் ரோமாபுரியின் பக்கம் சேர்ந்துகொள்ள, தோல்வி ஹானிபலுக்கு! ரோம் நகரில் கி.பி. 113-இல் எழுப்பிய டிராஜன் ஸ்தம்பத்திலும், ஆப்பிரிக்க வீரர்கள் கடிவாளமில்லாக் குதிரைகளில் பாயும் காட்சியை இன்றும் காணலாம்.

நம் ஊர்ச் சவாரிப் பள்ளிகளில் குழந்தைகளைச் சேர்த்திருக்கும் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. ஆசிரியர் சொல்லாமல் இதைத் தாங்களாகச் செய்து பார்க்கக் குழந்தைகளை விடாதீர்கள். தெருவிலும் கடற்கரையிலும் கூடவே கூடாது. தலையில் கவசம் அவசியம். பல நாட்கள் லகானைத் தொடாமலே நின்று, திரும்பி, பின்னால் நகர்ந்து காட்டிய குதிரைக்குத்தான் கடிவாளத்தைக் கழற்றலாம். அன்றைக்கும் வேலிக்குள் வெறும் நடை, பத்து நிமிஷம் போதும். ஆசிரியர் கடிவாளத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடுவில் நிற்கட்டும். ஏறியிருப்பவர் குதிரையின் காதுகளைக் கவனிக்க வேண்டும். ஒரு காதாவது அவ்வப்போது பின்னால் திரும்பி நம்மை விசாரித்துக்கொண்டிருந்தால், அது கேட்கத் தயாராக இருக்கிறது. இரண்டு காதும் முன்னால் விறைத்து, வேலிக்கு அப்பால் எதையோ உற்றுக் கேட்க ஆரம்பித்துவிட்டால், நடையை நிறுத்தி, இறங்கி, கடிவாளத்தை மறுபடி மாட்டிவிட வேண்டியதுதான். மிச்சப் பாடம் நாளைக்கு.