உப்பு தின்ற வண்டி

வண்டித் தொட்டியின் தளத்தில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து லேசாக அழுத்தினேன். பிடி வரைக்கும் இறங்கிவிட்டது. மேலே பெயின்ட் இருந்தது, கீழே தகரம் இல்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வடிந்த நாலாவது நாள் அது. திருவொற்றியூரில் எங்கள் வீட்டுப் பக்கவாட்டில், தகர ஷெட்டுக்குள், அப்பாவின் டாடாமொபைல் 206 பாதிச் சக்கரம் மூழ்க இரண்டு நாள் தண்ணீரில் நின்றிருந்தது. "இரும்புக் கடைக்குப் போட்டுடுண்ணே, இடமாவது மிஞ்சும்" என்றான் தம்பி. அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் அந்த வண்டியில்தான் அப்பா காசிமேட்டிலிருந்து சிந்தாதிரிப்பேட்டை மார்க்கெட்டுக்கு விடியற்காலையில் மீன் ஏற்றிப் போய் எங்களைப் படிக்க வைத்தார். நான் முப்பது வருடம் ஒரு தொழிற்சாலையின் டூல் ரூமில் வேலை பார்த்தவன். இந்தக் கை எதற்கு இருக்கிறது என்று தோன்றியது.

வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். லாரிக்குப் பேர்போன டாடா 1988இல் கொண்டுவந்த சின்ன பிக்கப் இது. 1,948 சி.சி. டீசல் எஞ்சின், முன்னால் டார்ஷன் பார், பின்னால் கமான் பட்டை. இதே அடித்தளத்தில்தான் 1991இல் சியராவும், 1994இல் சுமோவும் வந்தன. பழைய வண்டியைச் சரிசெய்ய நினைப்பவர் முதலில் விசாரிக்க வேண்டியது இந்தச் சொந்தபந்தத்தைத்தான். ஜி.பி. ரோட்டு உதிரிபாகக் கடைகளில் டாடாமொபைல் என்று கேட்டால் கையை விரிப்பார்கள். சுமோ என்று கேட்டால் எஞ்சின் சாமான் பாதிக்கு மேல் கிடைத்துவிடும். கதவும் ஃபெண்டரும்தான் கஷ்டம். அதற்குப் புதுப்பேட்டைப் பழைய சாமான் கடைகளில் பல சனிக்கிழமை அலைந்தேன்.

எஞ்சினுக்கு வருவோம். தண்ணீரில் நின்ற வண்டிக்குச் சாவியைப் போட்டுத் திருப்புவதுதான் எல்லாரும் செய்கிற தப்பு. காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. சிலிண்டருக்குள் ஒரு டம்ளர் தண்ணீர் இருந்தாலே கனெக்டிங் ராடு வளைந்துவிடும். நான் பேட்டரியைக் கழற்றிவிட்டு ஆயிலை இறக்கினேன். பால் காபி நிறத்தில் வந்தது. தண்ணீர் கலந்திருக்கிறது என்று அர்த்தம். கியர் பாக்ஸிலும் பின் கிரவுனிலும் அதே கதை. ஹீட்டர் பிளக் நான்கையும் எடுத்து, துவாரம் வழியாக டீசல் ஊற்றி ஒரு வாரம் ஊறவிட்டு, கிராங்க் புல்லியில் ஸ்பானர் போட்டுக் கையால் சுற்றினேன். மூன்றாம் நாள் முயற்சியில்தான் அசைந்தது. டீசல் பம்பையும் நாசிலையும் மட்டும் அந்த வேலை தெரிந்தவரிடம் கொடுத்தேன். அதற்கான டெஸ்ட் பெஞ்ச் இல்லாமல் வீட்டில் தொடக்கூடாது.

எஞ்சின் சுலபம். தகரம்தான் என் ஒரு வருடத்தைத் தின்றது.

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடலை ஒட்டி வசிக்கிறவர்களுக்குத் தெரியும், இங்கே ஜன்னல் கம்பிகூட வெங்காயம் மாதிரி இதழ் இதழாக உரியும். ஈரமும் காற்றும் சேர்ந்தால் இரும்பு துருப்பிடிக்கும் என்பது பள்ளிப் பாடம். உப்பு சேர்ந்தால் அந்த ஈரத்தில் மின்சாரம் எளிதாக ஓடும். துரு பல மடங்கு வேகம் எடுக்கும். உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும், அதனால் தகரம் காய்வதே இல்லை. எங்கள் வண்டிக்கு மீன் கூடையிலிருந்து வடிந்த ஐஸ் தண்ணீர் வேறு. கதவின் அடியிலும் படிக்கட்டுப் பெட்டியிலும் தண்ணீர் வெளியேற கம்பெனியே சின்ன ஓட்டைகள் விட்டிருக்கும். அவை மண்ணால் அடைந்துபோனால் வண்டி உள்ளிருந்து அழுகும். வெளியே தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

2009இல் ஒரு பட்டறையில் இதே வண்டிக்குப் பட்டி பார்த்துப் பளபளவென்று பெயின்ட் அடித்துக் கொடுத்தார்கள். ஒரே மழைக்காலத்தில் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. துருவை எடுக்காமலே மேலே பட்டியை அப்பியிருந்தார்கள். இந்தத் தடவை காசிமேட்டில் படகு வேலை செய்யும் பெரியவர் ஒருவரிடம் போய் நின்றேன். "உப்ப மூடி வெச்சா அது உள்ளயே வேல செய்யும் தம்பி. மொதல்ல நல்ல தண்ணில அத வெளிய எடு" என்றார். வேதியியலும் அதையேதான் சொல்கிறது. துருவின் குழிகளில் தங்கும் குளோரைடு, பெயின்டுக்கு அடியில் இருந்துகொண்டே இரும்பை அரிக்கும். கம்பி பிரஷ் போட்டுத் தேய்ப்பது, நல்ல தண்ணீரில் கழுவுவது, காயவிடுவது, மறுபடி தேய்ப்பது என்று மூன்று சுற்று. பிறகு பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு மாற்றி. காலையில் வெள்ளையாக்கிய தகரம் கடற்காற்றில் மறுநாளுக்குள் பழுப்பேறிவிடும். ஆகவே அன்று தேய்த்த இடத்துக்கு அன்றே பிரைமர்.

தேய்ப்பதற்கு வாங்கிய தாளுக்கு உப்புத்தாள் என்று பெயர். கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனம் எங்கள் திருவொற்றியூரில்தான் பல பத்தாண்டுகளாக உராய்வுப் பொருட்கள் செய்கிறது. டயருக்கு எம்.ஆர்.எஃப்., புல்லட்டுக்கு என்ஃபீல்டு, லாரிக்கு லேலண்ட். எல்லாம் இந்தக் கரையில் வளர்ந்தவை. 1948இல் அசோக் மோட்டார்ஸாகத் தொடங்கிய நிறுவனம் 1955இல் அசோக் லேலண்ட் ஆனது. அதனால் என் தெருவிலேயே ஓய்வுபெற்ற டர்னர், வெல்டர், பெயின்டர் என்று ஆள் இருக்கிறது. கதவுக் கீலின் பின் கடையில் கிடைக்கவில்லை என்றபோது, பக்கத்துத் தெரு லேத் அண்ணன் அரை மணி நேரத்தில் கடைந்து கொடுத்து, காசு வாங்க மறுத்துவிட்டார். ஊரில் இருக்கிற இந்தக் கைத்திறனை நாம் கணக்கிலேயே எடுப்பதில்லை என்பது என் வருத்தம்.

அழுகிய இடத்தை நல்ல தகரம் தெரியும்வரை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்தோம். மெல்லிய தகரத்தில் ராடு வெல்டிங் ஓட்டை போட்டுவிடும், சி.ஓ.2 வெல்டிங்தான் சரி. அதையும் கோடாக இழுக்காமல், இங்கே ஒரு பொட்டு, அங்கே ஒரு பொட்டு என்று இடம் மாற்றி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் சூட்டில் தகடு நெளியும். டீசல் டாங்கைக் கழற்றி ஷெட்டுக்கு வெளியே வைத்த பிறகுதான் வெல்டிங்கைத் தொட்டோம். தொட்டிக்கு எஸ்.எஸ். தகடு போடச் சொன்னார் ஒரு நண்பர். மறுத்துவிட்டேன். எஸ்.எஸ். பெரிய பரப்பாக இருந்து, உப்புத் தண்ணீரோடு சாதா இரும்பைத் தொட்டால், தேய்வது சாதா இரும்பு. அதாவது என் சேஸிஸ். செக்கர் பிளேட்டே போட்டு, தண்ணீர் வடியும் ஓட்டைகளை இரண்டு மடங்காக்கினேன். ஹெட்லைட்டுக்கு ரிலே வைத்தேன். என் சொந்த மாற்றம் அவ்வளவுதான்.

அதற்குமேல் ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆர்.சி.யில் இருக்கும் விவரம், தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரத்துக்கு முரணாகும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. உரிமையாளர் இறந்துபோனால் மூன்று மாதத்துக்குள் வாரிசு படிவம் 31 கொடுத்துப் பெயர் மாற்ற வேண்டும். அப்பா போய் ஆறு வருடம் நான் அதைச் செய்யவில்லை. அபராதம் கட்டினேன், தப்பு என்னுடையது.

பெயின்டை மார்ச் மாதத்தில் வைத்துக்கொண்டோம். வெயில் ஏறிப் பனி காய்ந்த பிறகு தொடங்கி, கடற்காற்று திரும்புவதற்குள் முடித்துவிடுவோம். ஈரக் காற்றில் அடித்தால் பெயின்ட் வெளுத்து மங்கும். அப்பா வைத்திருந்த அதே வெள்ளைதான். எஃப்.சி. முடிந்து முதல் சவாரிக்கு அம்மாவை ஏற்றிக்கொண்டு காசிமேடு போனேன். அம்மா வழி முழுக்கப் பேசவில்லை; டேஷ்போர்டைத் தடவிக்கொண்டே வந்தார்.

கடலோரத்தில் வண்டி வைத்திருப்பவர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை செய்யுங்கள். கதவின் அடியில் விரலை விட்டு அந்தச் சின்ன ஓட்டைகளைத் தேடி, ஒரு குச்சியால் குத்தித் திறந்துவிடுங்கள். அப்படியே வண்டியின் அடிவயிற்றை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். மாதம் ஒரு முறை போதும்.