உறைந்த பாட்டிலுக்கு யார் பொறுப்பு?

ஃபிலிமில் படமெடுத்து வீட்டு இருட்டறையிலேயே கழுவுகிறவர்கள் அமெரிக்காவில் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். டெவலப்பரும் ஃபிக்ஸரும் பக்கத்துக் கடையில் கிடைத்த காலம்தான் போய்விட்டது. இப்போது லாஸ் ஏஞ்சலஸிலோ நியூயார்க்கிலோ இருக்கும் கடைக்கு ஆர்டர் போட்டு, பார்சலுக்குக் காத்திருக்க வேண்டும். கோடையில் இதில் பெரிய சிக்கல் இல்லை. டிசம்பர் பிறந்தால் கதை வேறு. வடக்கு மினசோட்டாவிலும் வடக்கு டகோட்டாவிலும் ஜனவரி இரவில் மைனஸ் 20 டிகிரி செல்சியஸ் என்பது சாதாரணம். சூடேற்றாத லாரியில் நான்கைந்து நாள் உருண்டு வரும் பாட்டில் உடைந்தாலோ கெட்டாலோ நஷ்டம் யாருடையது? பணம் கட்டுவதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி இது.

முதலில், எது கெடும், எது கெடாது என்று பார்ப்போம். ஸ்டாப் பாத்துக்குப் பயன்படும் கிளேசியல் அசிட்டிக் அமிலம் 16.6 டிகிரியிலேயே கட்டியாகிவிடும். அதற்குப் பனிகூட வேண்டாம், நன்றாகக் குளிர்ந்த அறையே போதும். உருகியதும் அது பழைய அமிலம்தான். தண்ணீர் அதிகமுள்ள கரைசல்களில் ஆபத்து வேறு மாதிரி. நீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பருக்கும். கழுத்துவரை நிரப்பிய கண்ணாடி பாட்டில் அதைத் தாங்காது. அம்மோனியம் தயோசல்ஃபேட் செறிந்த ரேப்பிட் ஃபிக்ஸர் பூஜ்யத்தில் உறையாது, ஆனால் கடுங்குளிரில் உப்பு படிகமாகப் பிரிந்து அடியில் தங்கும். சில டெவலப்பர்களில் ஹைட்ரோகுவினோனும் இப்படிப் பிரியும். வெதுவெதுப்பாக்கிக் குலுக்கினால் இவை பெரும்பாலும் மறுபடி கரைந்துவிடும். ஃபார்மலின் அப்படியல்ல. குளிரில் வெண்மையாகக் கலங்கிப் படிந்தால் அதை மீட்பது கடினம். பொடியாக விற்கும் டி-76, டெக்டால், எக்ஸ்டால் போன்றவற்றைக் குளிர் ஒன்றும் செய்யாது. என்னைக் கேட்டால், பனி மாநிலத்தில் இருப்பவர் மார்ச் வரை பொடியைக் கலக்கி வேலை பார்ப்பதே புத்திசாலித்தனம்.

விமானத்தில் சீக்கிரம் வரவழைத்தால் என்ன என்று தோன்றும். அரிக்கும் பொருள், தீப்பற்றும் பொருள் என்றால் விமான விதிகள் கடுமை. அதனால் கடைகள் இவற்றில் பலவற்றைத் தரைவழியாக மட்டுமே அனுப்புகின்றன. பெட்டியின் மேல் சாய்சதுரம் ஒன்று, மேல் முனையும் கீழ் முனையும் கறுப்பாக, நடுவில் வெள்ளையாக அச்சிட்டிருந்தால் அது குறைந்த அளவில் செல்லும் அபாயப் பொருள் என்று அர்த்தம். விதி நியாயமானதுதான். ஆனால் அதன் விளைவாக, குளிர் ஆகாத சரக்கே அதிக நாள் குளிரில் கிடக்கிறது.

இனி பொறுப்புக்கு வருவோம். கூரியர் நிறுவனம் கையை விரித்துவிடும். வெப்பத்திலிருந்தோ குளிரிலிருந்தோ காக்க வேண்டிய சரக்குக்குத் தனிப் பாதுகாப்பு கிடையாது, அது அனுப்புகிறவரின் பொறுப்பு என்று யூபிஎஸ் தன் நிபந்தனைகளிலேயே எழுதி வைத்திருக்கிறது. கடைக்கும் நழுவ இடமுண்டு. அமெரிக்காவின் ஏறத்தாழ எல்லா மாநிலங்களும் ஏற்றுள்ள சீர்மை வணிகச் சட்டத்தின்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், சரக்கு கூரியரிடம் ஒப்படைக்கப்பட்ட நிமிடமே இழப்பு அபாயம் வாங்குகிறவருக்கு மாறிவிடும். பிரிட்டனில் நிலைமை நேர் எதிர். 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, பொருள் கைக்கு வந்து சேரும்வரை பொறுப்பு வியாபாரியுடையது. குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்திலும் வந்து சேரும்வரை பொறுப்பு விற்கிறவருடையதே.

அமெரிக்க வாடிக்கையாளருக்குக் கையில் ஒன்றுமே இல்லை என்று எண்ண வேண்டாம். பொருளின் தன்மைக்கு ஏற்ற போக்குவரத்தை விற்கிறவர் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று சீர்மை வணிகச் சட்டத்தின் 2-504 பிரிவு சொல்கிறது. உறையக்கூடிய கரைசலை ஜனவரியில் வெள்ளிக்கிழமை மாலை கிளப்பிவிட்டு, சனி ஞாயிறு கிடங்கில் கிடக்க விட்டால், அது ஏற்ற ஏற்பாடா என்று கேட்க உங்களுக்கு இடமிருக்கிறது. ஆகவே ஆர்டருக்கு முன் ஒரு மின்னஞ்சல் போடுங்கள். திங்கட்கிழமை அனுப்புவீர்களா, உறைந்து வந்தால் மாற்றித் தருவீர்களா என்று கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். அந்தப் பதில் தெர்மாகோல் பெட்டியைவிடப் பயனுள்ளது. தெர்மாகோல் உறைவதைத் தாமதப்படுத்தும், தடுக்காது. பொருளின் பாதுகாப்புத் தகவல் தாளையும் கேளுங்கள்: 9-ஆம் பகுதியில் உறைநிலை, 14-ஆம் பகுதியில் போக்குவரத்து விதி. வாசற்படியில் வைத்துவிட்டுப் போகாமல் கூரியர் அலுவலகத்தில் நிறுத்தி வைக்கச் சொல்லி, நேரில் போய் எடுப்பது இன்னும் நல்லது.

பெட்டி வந்ததும் திறக்கும் முன்பே படமெடுங்கள். பாட்டிலைப் பிளாஸ்டிக் வாளியில் வைத்து, மூடியைத் திறக்காமல், ஒரு நாள் அறைச் சூட்டில் விடுங்கள். உள்விரிசல் இருந்தால் உருகும்போதுதான் ஒழுகும். அடுப்பு, மைக்ரோவேவ் பக்கம் கொண்டுபோகவே கூடாது. படிகம் முழுதும் கரையும்வரை பாதி அளவு ஊற்றிக் கலக்கக் கூடாது. மேலே இருப்பது நீர்த்தும் கீழே இருப்பது செறிந்தும் இருக்கும். பிறகு ஃபிலிம் நுனி ஒன்றை வெளிச்சத்திலேயே டெவலப்பரில் போடுங்கள், கறுக்க வேண்டும். இன்னொன்றை ஃபிக்ஸரில் போடுங்கள், விரைவில் தெளிய வேண்டும். உடைந்திருந்தால் ஜன்னலைத் திறந்து, கையுறையும் கண்ணாடியும் போட்டுத் துடைக்கவும். ஃபிக்ஸர் கொட்டிய இடத்தில் பிளீச்சிங் திரவம் ஊற்றக் கூடாது, நச்சுவாயு கிளம்பும். உடலில் பட்டோ மூச்சில் போயோ தொல்லை என்றால் 1-800-222-1222, அமெரிக்க நச்சு உதவி எண்.

பெட்டியையும் உள்ளிருந்த பஞ்சையும் தூக்கி எறியாதீர்கள், ஆய்வுக்குக் கேட்பார்கள். காப்பீடு செய்த பார்சலின் சேதத்துக்கு அஞ்சல் துறையிடம், அனுப்பிய நாளிலிருந்து 60 நாளுக்குள் கோர வேண்டும். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், பில் வந்த 60 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபிக்கலாம்.

மிச்சமிருக்கும் பாட்டிலை நண்பருக்கு அஞ்சலில் அனுப்ப நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அபாயப் பொருளை விதி மீறி அனுப்பினால் ஒவ்வொரு மீறலுக்கும் 250 டாலர் முதல் ஒரு லட்சம் டாலர் வரை அபராதம் விதிக்கச் சட்டம் இடம் தருகிறது. முதலில் அஞ்சலகத்தில் விசாரியுங்கள். அவசரமில்லை என்றால் ஏப்ரலில் அனுப்புங்கள்.