அரை கிரவுண்டு புல்தரை தினமும் குடிக்கும் தண்ணீர் 36 குடம்! செடிகளை சிக்கனமாக காப்பாற்றுவது எப்படி?

சென்னை:

கோடையில் ஏரி தண்ணீர் குறைந்தால் மயிலாப்பூர், தி.நகர், அடையாறு தெருக்களில் காலிக்குடங்கள் வரிசை கட்டும். அதே தெருவில் ஏதாவது ஒரு பங்களாவில் டியூப் வழியாக புல்லுக்கு குடிநீர் பாயும். குடத்தோடு நிற்கும் பெண்களுக்கு வயிறு எரியும்.

2019-ம் ஆண்டு ஜூன் மாதம் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் அநேகமாக வறண்டு விட்டன. தினமும் 83 கோடி லிட்டர் வழங்கி வந்த குடிநீர் வாரியம் அதை 52½ கோடி லிட்டராக குறைத்தது. ஜூலை 12-ந்தேதி ஜோலார்பேட்டையில் இருந்து வில்லிவாக்கத்துக்கு 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரெயிலில் வந்தது.

36 குடம்

கோடையில் புல்தரைக்கு தினமும் சுமார் 5 மில்லி மீட்டர் தண்ணீர் தேவை. அரை கிரவுண்டு, அதாவது 1,200 சதுர அடிக்கு கணக்கு போட்டால் சுமார் 550 லிட்டர். 15 லிட்டர் குடத்தில் 36 குடத்துக்கு மேல் வருகிறது.

பெங்களூரில் 2024-ம் ஆண்டு மார்ச் மாதம் தட்டுப்பாடு வந்தபோது, குடிநீரை தோட்டத்துக்கு விடவும், கார் கழுவவும் தடை போட்டார்கள். மீறினால் ரூ.5 ஆயிரம் அபராதம்.

முதலில் மரம்

அதற்காக எல்லாவற்றையும் காய விட முடியாது. நிழல் மரம் பட்டுப்போனால் பிளாட்பார வியாபாரிக்கும், ஆட்டோ டிரைவருக்கும்தான் கஷ்டம்.

எனவே இருக்கிற தண்ணீரை புதிதாக நட்ட மரக்கன்றுக்கு முதலில் ஊற்ற வேண்டும். அடுத்தது பூச்செடி. புல் கடைசி. அருகம்புல் காய்ந்து பழுத்தாலும் மழை பெய்தால் மறுபடி துளிர்த்து விடும். செத்த மரம் திரும்பாது.

செய்ய வேண்டியவை வருமாறு:-

* காலை 7 மணிக்கு முன்பு அல்லது சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு ஊற்றுங்கள். உச்சி வெயிலில் ஊற்றினால் தண்ணீர் வீணாகும்.

* டியூப்பை போட்டுட்டு போய்விடாதீர்கள். 10 நிமிடத்தில் 100 லிட்டர் ஓடிவிடும். பூவாளியோ, பக்கெட்டும் மக்கும் போதும்.

* மண்ணில் விரலை விட்டு பாருங்கள். 2 அங்குல ஆழத்தில் ஈரம் இருந்தால் அன்று தண்ணீர் வேண்டாம்.

* வேரைச்சுற்றி சருகு, தேங்காய் நார் போட்டு மூடுங்கள். ஈரம் சீக்கிரம் காயாது.

கழிவு நீரும் உதவும்

அரிசி, காய்கறி கழுவிய தண்ணீரை அப்படியே செடிக்கு ஊற்றலாம். ஏ.சி.யில் சொட்டும் தண்ணீரில் உப்பு கிடையாது. அதுவும் நல்லது.

ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரில் உப்பு அதிகம். தனியாக ஊற்றினால் தொட்டிச்செடி கருகும். வேறு தண்ணீரோடு கலந்துதான் ஊற்ற வேண்டும்.

குளித்த, துணி அலசிய தண்ணீரை வாழை, கல்வாழைக்கு திருப்பி விடலாம். கீரைக்கு வேண்டாம். தொட்டியில் தேக்கி வைத்தால் நாற்றம் அடிக்கும், கொசு வரும். அன்றன்றே காலி செய்து விட வேண்டும்.

தமிழ்நாட்டில் 2003-ம் ஆண்டு மழைநீர் சேகரிப்பு கட்டாயம் ஆக்கப்பட்டது. பல வீடுகளில் அந்த குழியில் மண் அடைத்து கிடக்கிறது. வடகிழக்கு பருவமழைக்கு முன்பே தூர் வாரினால் கிணற்றில் நீர் ஊறும். அடுத்த கோடையில் செடிக்கு லாரி தண்ணீரை தேட வேண்டியது இல்லை.