மூன்றாம் வகுப்பு படித்த நாவலாசிரியை: சித்தி ஜுனைதா பேகம்

தமிழில் நாவல் எழுதிய முதல் முஸ்லிம் பெண் யார்? விளாங்குடியில் நம் பிள்ளைகளிடம் கேட்டுப் பார்த்தால் அநேகமாக விடை கிடைக்காது. நம்மில் பெரியவர்கள் பலருக்குமே தெரியாது.

அவர் நாகூரைச் சேர்ந்த சித்தி ஜுனைதா பேகம். 1917-இல் பிறந்தவர். பள்ளியில் படித்தது மூன்றாம் வகுப்பு வரைதான். 12 வயதில் திருமணம். சில ஆண்டுகளிலேயே கணவரை இழந்தார். அக்காலத்தில் இத்தகைய பெண்ணின் வாழ்க்கை வீட்டின் நான்கு சுவர்களுக்குள் முடிந்துவிடுவதே வழக்கம். இவரோ வீட்டிலிருந்தபடியே நூல்களை வாசித்துத் தாமே தமிழைக் கற்றார்.

1938-இல் இவருடைய 'காதலா? கடமையா?' என்ற நாவல் வெளிவந்தது. அப்போது வயது 21. அதற்கு மதிப்புரை வழங்கியவர் தமிழ்த் தாத்தா உ.வே.சாமிநாதையர். முஸ்லிம் பெண்களிலும் தமிழ் நூல்களைப் பயின்றவர்கள் உண்டு என்பதற்கு இந்நூலே சான்று என்ற கருத்தை அவர் அதில் பதிவு செய்தார். பா.தாவூத் ஷாவின் 'தாருல் இஸ்லாம்' இதழிலும் ஜுனைதா பேகம் எழுதினார். மார்க்கம் பெண்களுக்கு வழங்கிய உரிமைகளை 'இஸ்லாமும் பெண்களும்' என்ற நூலில் விளக்கினார்.

இங்கிலாந்தில் எழுத்தையே தொழிலாகக் கொண்டு வாழ்ந்த முதல் பெண்களில் ஒருவர் அஃப்ரா பென். 1689-இல் இறந்த அவர் நெடுங்காலம் புறக்கணிக்கப்பட்டிருந்தார். பெண்கள் அனைவரும் அவருக்கு நன்றிக்கடன் பட்டவர்கள் என்று 1929-இல் வர்ஜீனியா வுல்ஃப் எழுதினார். இன்று அவர் அங்கே பாடமாகப் படிக்கப்படுகிறார்.

ஜுனைதா பேகம் 1998-இல் மறைந்தார். உறவினரான எழுத்தாளர் நாகூர் ரூமி போன்றோர் எழுதியதால்தான் அவரது வரலாறு ஓரளவாவது நம்மை எட்டியிருக்கிறது.

'முஸ்லிம்கள் பெண்களைப் படிக்க விடமாட்டார்கள்' என்று யாரேனும் சொன்னால் நாம் கோபப்படுகிறோம். கோபத்தைவிட இத்தகைய வாழ்க்கையே வலுவான பதில். ஆனால் அதைச் சொல்ல முதலில் நமக்குத் தெரிந்திருக்க வேண்டுமே!

வசதியே இல்லாத காலத்தில் அவர் எழுதினார். இன்று நம் பெண் பிள்ளைகள் கல்லூரிக்குப் போகிறார்கள். அவர்கள் ஒரு கதையோ கட்டுரையோ எழுதிக் கொண்டு வந்தால், 'இதெல்லாம் எதற்கு?' என்று கேட்காமல் உட்கார்ந்து வாசிப்போம். முதல் வஹியே ஓதச் சொல்லி வந்த சமுதாயம் அல்லவா நாம்?