ரூபாய்க்கு ஒரு படி: போர்க்காலத் தட்டுப்பாடு எப்படி ஆட்சியைக் கவிழ்க்குது?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

போன எபிசோடுக்கு வந்த கேள்விகள்ல ஒண்ணு இது: "போர் வந்தா விலைவாசி ஏறும், சரி. அதுக்காக ஆட்சியே கவிழுமா?" நல்ல கேள்வி. புரட்சின்னு சொன்னா உடனே ரஷ்யா, பிரான்ஸ்னு போயிடுவோம். நாங்க இதைப் பதிவு பண்றது திருவண்ணாமலையில, ரமணாசிரமத்துக்குப் பக்கத்துல இருந்து. வெளியூர்க்காரங்களுக்கு இந்த ஊர்னா கிரிவலம், மலை, மௌனம். ஆனா தமிழ்நாட்டுல நடந்த மிகப்பெரிய ஆட்சி மாற்றத்துக்கு முன்னோட்டம் மாதிரி ஒரு இடைத்தேர்தல் இந்த ஊர்லதான் நடந்துச்சு. அதுக்கு வருவோம்.

பசி மட்டும் போதாது

முதல்ல ரெண்டு ஊர்களை ஒப்பிட்டுப் பார்ப்போம்.

1917 மார்ச் 8. ரஷ்யத் தலைநகர் பெட்ரோகிராட். முதல் உலகப் போர் மூணாவது வருஷத்துல இருக்கு. நாட்டுல தானியமே இல்லைன்னு சொல்ல முடியாது. ஆனா ரயில்கள் ராணுவத்துக்காக ஓடுது, நகரத்துக்குச் சரக்கு வந்து சேரல. ரொட்டிக்கு மணிக்கணக்கா வரிசையில நின்ன பெண்கள், நெசவாலைத் தொழிலாளிகள், தெருவுக்கு வர்றாங்க. சில நாள்ல, சுடச் சொல்லி அனுப்பின படைவீரர்களே கூட்டத்தோட சேர்ந்துடறாங்க. மார்ச் 15, ஜார் மன்னர் முடி துறக்கிறார்.

இப்போ 1943, வங்காளம். ஜப்பான் பர்மாவைப் பிடிச்சதால அங்கிருந்து அரிசி வரல. எதிரி கையில சிக்கக்கூடாதுன்னு கடலோரப் படகுகளை பிரிட்டிஷ் அரசே பறிச்சுது. விலை எங்கேயோ போச்சு. செத்தவங்க எண்ணிக்கையா அரசு விசாரணைக் குழு சொன்னது சுமார் 15 லட்சம். பிறகு அமர்த்தியா சென் போட்ட கணக்கு சுமார் 30 லட்சம். பெட்ரோகிராடை விடப் பல மடங்கு கொடுமை. ஆனா அரசு கவிழல.

ஏன்? வங்காளத்துல செத்தவங்க பெரும்பாலும் கிராமத்துக் கூலிகள், மீனவர்கள், கைத்தொழில் செய்றவங்க. கல்கத்தா தொழிற்சாலைகளுக்கும் அரசு ஊழியர்களுக்கும் அரிசி முன்னுரிமையில போச்சு. 1942 ஆகஸ்ட்லயே காங்கிரஸ் தலைவர்களைச் சிறையில அடைச்சாச்சு. ஓட்டுப் போட்டு மாத்தவும் வழியில்ல.

ஆக, பசி அரசியலா மாறணும்னா மூணு விஷயம் கூடி வரணும். ஒண்ணு, தட்டுப்பாடு அதிகாரத்துக்குப் பக்கத்துல இருக்கிறவங்களையும் தொடணும்: நகரம், நடுத்தர வர்க்கம், மாணவர்கள். ரெண்டு, "இது விதி இல்ல, இவங்க செஞ்சது"ன்னு விரல் நீட்ட ஒரு அமைப்பு வேணும். மூணு, மாற்றுன்னு நம்ப ஒண்ணு வேணும்.

பர்மா அரிசி நின்னப்போ

நம்ம பக்கத்துக்கு வருவோம். 1942 மார்ச்ல ரங்கூன் விழுந்துச்சு. சென்னை மாகாணமும் பர்மா அரிசியை நம்பி இருந்த இடம்தான். அடுத்த வருஷம் சென்னை நகரத்துல ரேஷன் வந்துச்சு. போர் 1945-ல் முடிஞ்சும், சுதந்திரம் வந்தும், தட்டுப்பாடு போகல. ரேஷன், கொள்முதல், நெல்லை ஊர்விட்டு ஊர் கொண்டு போகத் தடைன்னு பத்து வருஷம் ஓடுச்சு.

அதோட பில் 1952 தேர்தல்ல வந்துச்சு. சென்னை மாநிலத்துல 375 இடங்கள்ல காங்கிரசுக்குக் கிடைச்சது 152. கம்யூனிஸ்டுகளுக்கு 62. முதல்வரா வந்த ராஜாஜி அந்த வருஷமே உணவுக் கட்டுப்பாட்டை எடுத்தார். சுதந்திரம் வாங்கித் தந்த கட்சியே அரிசி விஷயத்துல சறுக்கும்கிறது அப்பவே தெரிஞ்சு போச்சு.

1963: திருவண்ணாமலை

1962 ஜூலை. விலைவாசி உயர்வை எதிர்த்து திமுக மறியல் நடத்துது. அண்ணா வேலூர்ல கைதாகிச் சிறைக்குப் போறார். அப்போ திருவண்ணாமலை வட ஆற்காடு மாவட்டத்துல இருந்தது, வேலூர்தான் தலைநகர்.

அக்டோபர்ல சீனப் போர். நாடு முழுக்க நெருக்கடி நிலை அறிவிக்கப்படுது. இதுல திமுக எடுத்த முடிவு முக்கியம். போர் நேரத்துல அரசுக்கு ஆதரவுன்னு அண்ணா அறிவிச்சார். 1963-ல் திராவிட நாடு கோரிக்கையையே கட்சி கைவிட்டுச்சு. பிரிவினை பேசுறதைத் தடுக்கச் சட்டத்திருத்தம் வந்ததும் ஒரு காரணம். ஆனா விளைவைப் பாருங்க: "தேச விரோதி"ங்கிற முத்திரை இனி ஒட்டாது. விலைவாசியைப் பத்தி மட்டும் சுதந்திரமா பேசலாம்.

பேச விஷயமும் நிறைய இருந்துச்சு. பாதுகாப்புச் செலவு 1963-64 பட்ஜெட்ல 867 கோடி ரூபாய்க்குப் போச்சு. வரி ஏறுச்சு, கட்டாயச் சேமிப்புத் திட்டம் வந்துச்சு. அந்த ஜனவரியில தங்கக் கட்டுப்பாடு: 14 காரட்டுக்கு மேல புது நகை செய்யக்கூடாது. 22 காரட்ல தாலி செஞ்சு பழகின சமூகத்துக்கு இது என்ன அடின்னு யோசிங்க. பொற்கொல்லர்கள் பிழைப்பு ஒரே உத்தரவுல நின்னு போச்சு. நாட்டுல பல இடங்கள்ல தற்கொலைகள் நடந்துச்சு.

இந்தச் சூழல்லதான் 1963-ல் திருவண்ணாமலை இடைத்தேர்தல். முந்தின வருஷம் காங்கிரஸ் ஜெயிச்ச தொகுதி. முதல்வர் காமராஜர். பள்ளிக்கூடம், மதிய உணவுன்னு அவர் ஆட்சி மேல நல்ல பேர் இருந்த காலம். அப்படியும் திமுகவோட ப.உ. சண்முகம் ஜெயிச்சார். அதே வருஷம் அக்டோபர் 2-ல், கட்சிப் பணிக்காகக் காமராஜர் முதல்வர் பதவியை விட்டார். அந்த முடிவுக்குப் பின்னால இந்தத் தோல்வியும் இருந்ததா அரசியல் வட்டாரத்துல ரொம்ப நாளா ஒரு பேச்சு உண்டு. ஒரே தொகுதியை வச்சு அவ்வளவு பெரிய முடிவை விளக்கிட முடியாது. ஆனா காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு அது காட்டுச்சு.

1965: எல்லாம் ஒண்ணா வந்த வருஷம்

1965 ஜனவரியில இந்தி எதிர்ப்புப் போராட்டம். மாணவர்கள் தெருவுக்கு வந்தாங்க. துப்பாக்கிச்சூடு நடந்துச்சு, அரசுக் கணக்குப்படியே சுமார் 70 பேர் இறந்தாங்க. கலைஞரைக் கைது செஞ்சு பாளையங்கோட்டை சிறையில வச்சாங்க. எந்தச் சட்டத்துல? இந்தியப் பாதுகாப்பு விதிகள். சீனப் போருக்காகக் கொண்டு வந்த அதிகாரம், உள்ளூர்ப் போராட்டத்து மேல திரும்புது. போர்க்காலச் சட்டம் போர் முடிஞ்சதும் தானா வீட்டுக்குப் போகாது. 1962-ல் அறிவிச்ச நெருக்கடி நிலை 1968 ஜனவரி வரைக்கும் நீடிச்சுது.

செப்டம்பர்ல பாகிஸ்தான் போர். அமெரிக்கா உதவியை நிறுத்துச்சு. அந்த வருஷமும் அடுத்த வருஷமும் நாட்டுல மழை பொய்ச்சுது. பி.எல். 480 திட்டத்துல வந்த அமெரிக்கக் கோதுமையைக் கப்பல் கப்பலா எதிர்பார்த்து நாடு நின்னுச்சு. 1966 ஜூன் 6-ல் ரூபாய் மதிப்பைக் குறைச்சாங்க: ஒரு டாலர் 4.76-ல் இருந்து 7.50 ரூபாய் ஆச்சு. மாநிலத்துக்கு மாநிலம் அரிசி போகத் தடை இருந்ததால பதுக்கலும் கடத்தலும் தனித் தொழிலா வளர்ந்துச்சு. "பக்தவத்சலம் அண்ணாச்சி, அரிசி விலை என்னாச்சு"ங்கிற கோஷம் சந்து சந்தா ஒலிச்சது.

நம்ம மூணு நிபந்தனையும் இங்க கூடி வந்துடுச்சு. நகரமும் மாணவர்களும் பாதிக்கப்பட்டாங்க. விரல் நீட்டக் கிளைக்கழகம், படிப்பகம், மேடை, சினிமான்னு ஒரு அமைப்பு இருந்துச்சு. மாற்று? "ரூபாய்க்கு மூணு படி லட்சியம், ஒரு படி நிச்சயம்."

1967: வாக்குச்சீட்டுப் புரட்சி

பெட்ரோகிராடுக்குச் சரியா 50 வருஷம் கழிச்சு, 1967 மார்ச் 6-ல் அண்ணா முதல்வரா பதவியேற்கிறார். 234 இடங்கள்ல திமுகவுக்கு 137. விருதுநகர்ல காமராஜரை மாணவர் தலைவர் பெ. சீனிவாசன் 1,285 ஓட்டுல தோற்கடிச்சார். முதல்வர் பக்தவத்சலமும் தோத்தார்.

அரிசி மட்டுமே காரணம்னு சொன்னா தப்பு. மொழிப் போர் இருந்துச்சு. ஜனவரியில எம்.ஜி.ஆர் சுடப்பட்டு, கழுத்துல கட்டுப் போட்ட படம் போஸ்டரா ஒட்டப்பட்டுச்சு. ராஜாஜியோட சுதந்திராவுல இருந்து மார்க்சிஸ்ட் வரைக்கும் ஒரே அணி. காங்கிரஸ் அப்பவும் சுமார் 41 சதவீத ஓட்டு வாங்குச்சு. மக்கள் மொத்தமா அதைக் கைவிட்டுடல. எதிர் ஓட்டு சிதறாம ஒண்ணு சேர்ந்துச்சு, அவ்வளவுதான்.

பிறகு?

புரட்சிக்குப் பிந்தின காலம்தான் உண்மையான பரீட்சை. ரொட்டி கேட்டு ஆரம்பிச்ச ரஷ்யா, உள்நாட்டுப் போரைத் தாண்டி 1921-ல் வோல்கா பஞ்சத்துல லட்சக்கணக்கான பேரை இழந்துச்சு.

இங்க என்ன ஆச்சு? ரூபாய்க்கு ஒரு படி திட்டம் சென்னையிலயும் கோவையிலயும் தொடங்குச்சு. மானியச் செலவு தாங்காம மாநிலம் முழுக்கக் கொண்டு போக முடியல. ஆனா சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம், இருமொழிக் கொள்கை, தமிழ்நாடுங்கிற பேர், மூணும் ரெண்டு வருஷத்துக்குள்ள வந்துச்சு.

இன்னொரு பக்கமும் இருக்கு. 1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணி. கூலி நெல்லை அரைப்படி கூட்டிக் கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசையில எரிக்கப்பட்டாங்க. படி அரிசி வாக்குறுதியில வந்த ஆட்சி நடக்கும்போதுதான் அரைப்படி நெல்லுக்காக இது நடந்துச்சு. கோட்டையில ஆள் மாறினதும் வயக்காட்டுல அதிகாரம் மாறிடல.

ஆனா ஒரு பாடம் நிலைச்சுது: அரிசியைக் கைவிட்டா ஆட்சி போகும். 1972-ல் நுகர்பொருள் வாணிபக் கழகம் வந்துச்சு. 2008-ல் கிலோ ஒரு ரூபாய். 2011-ல் இருந்து இலவசம். எந்தக் கட்சி வந்தாலும் அதுல கை வைக்கத் துணியல. வீட்டுல ரேஷன் கார்டு எங்க இருக்குன்னு கூட நம்மள்ல பல பேருக்குத் தெரியாது. அதை வெறும் முகவரிச் சான்றா பார்க்காதீங்க. பர்மா அரிசி நின்னதுல இருந்து தொடங்கின ஒரு நீண்ட சண்டையில ஜனங்க ஜெயிச்சு வாங்கினது அது.

உங்க வீட்டுல 1965-66 அரிசித் தட்டுப்பாட்டைப் பார்த்த தாத்தா பாட்டி இருந்தா, அப்போ என்ன சாப்பிட்டீங்கன்னு கேட்டுப் பாருங்க. பதிலைக் குரல் பதிவா எங்களுக்கு அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.