கடல்நீர்த் தொட்டியும் நத்தைத் தெரிவும்

வெள்ளவத்தைக் கடற்கரைக்கு நீர் வற்றும் வேளையிற் செல்வோர், பாறைகளிற் சிறு நத்தைகள் பல ஒட்டிக் கிடத்தலைக் காண்பர். யாழ்ப்பாணத்தார் இத்தகையனவற்றை ஊரி என்பர். அசைவற்றன போலத் தோன்றும் இவை, அரம் போன்ற நாவினாற் பாறைமேற் படிந்த பாசியைச் சுரண்டி உண்பன. இயற்கை நடாத்தும் இத்துப்புரவுத் தொழிலையே, கடல்மீன் வளர்ப்போர் தம் கண்ணாடித் தொட்டியிலும் நடைபெறச் செய்ய விழைகின்றனர்.

ஆயின், கடல் பரந்தது, தொட்டியோ அடைபட்டது. மீன் உண்ணாது விட்ட இரையும் அதன் கழிவும் தொட்டிநீரிற் கரைந்து பாசிக்கு உரமாகின்றன. அப்பாசியை நீக்குமாறு விடப்பட்ட நத்தை இறந்து அழுகினாலோ, அதனின்று பிறக்கும் அமோனியா மீன்களுக்கும் கேடு விளைக்கும். ஆதலின், நத்தையைத் தெரிதற்கு ஓட்டின் அழகு அளவுகோல் அன்று. அஃது யாதினை உண்பது, எவ்விடத்து வாழ்வது என்னும் இரண்டுமே அளவுகோல்களாம்.

கண்ணாடியிலும் கல்லிலும் படரும் மென்பாசிக்குத் துரோக்கசு இனம் ஏற்றது. கவிழ்ந்து வீழினும் தானே நிமிர்ந்துகொள்ளும் ஆற்றல் இதன் சிறப்பு. மயிர்போல் நீண்ட பாசியைத் துர்போ இனம் மிகுதியாக உண்ணும்; எனினும், உடல் பருத்த இந்நத்தை, உறுதியாக வையாத கற்களையும் பவளங்களையும் சாய்த்துவிடும். நெரிற்றா இனமும் பாசியை நன்கு நீக்கும். அலையேறி இறங்கும் பாறைகளில் வாழ்ந்து பழகியதாதலின், அது நீரைவிட்டு ஏறி வெளியே வீழ்தலும் உண்டு. தொட்டிக்கு மூடி வேண்டும். மணற்பரப்பைச் செரித்தியம் இனம் துப்புரவாக்கும். நசாரியசு பாசியை உண்பதன்று; மணலுட் புதைந்து, நீர்க்குழலை மாத்திரம் வெளியே நீட்டிக் கிடந்து, இரையின் மணம் உணர்ந்ததும் எழுந்துவந்து எஞ்சிய ஊனை உண்ணும்.

விலக்கத்தக்கனவும் உள. சில ஆண்டுகளுக்கு முன், என் மாணவனொருவன் கூம்பு வடிவான நத்தையொன்றைத் தொட்டிக்கென ஆவலுடன் கொணர்ந்தான். அதன் கோலத்தில் மயங்கி யானும் அதனைக் கையில் வாங்கினேன். பின்னர் நூலிற் கண்டே நடுங்கினேன். கூம்பு நத்தைகள் ஈட்டி போன்ற பல்லால் நஞ்சைச் செலுத்தி இரைகொள்வன. அவற்றுட் சில மனிதரையும் கொல்லவல்லன. அந்நஞ்சுக்கு முறிமருந்தும் இல்லை. உயிருள்ள கூம்பு நத்தையைத் தீண்டலாகாது என்பதை அன்றுமுதல் வகுப்புத்தோறும் கூறிவருகின்றேன்.

நம் திருக்கோயில்களில் முழங்கும் சங்கினைத் தரும் உயிரும் தொட்டிக்கு உரியதன்று. 1914 இல் யேம்சு ஓர்ணெல் தனிநூல் எழுதும் அளவிற்குப் புகழ்வாய்ந்த அவ்வுயிர், மணலில் வாழும் புழுக்களை உண்பது. பாசி மலிந்த தொட்டியிலும் அது பட்டினியால் மாளும். குளிர்கடல் நத்தைகளும் நம் நாட்டு வெப்பத்தைத் தாங்கா.

எண்ணிக்கையிலும் அளவு வேண்டும். முதலிற் சிலவற்றையே விட்டு, பாசியின் அளவு நோக்கிப் பின்னர்ச் சேர்த்தல் நன்று. பாசி தீர்ந்தபின் மிகைப்பட்டவை பசியால் இறக்கும். ஆயிரம் பங்கு கடல்நீரில் உப்பு ஏறக்குறைய 35 பங்கு. இவ்வளவு திடீரென மாறின் நத்தை தாங்காது; ஆதலின், தொட்டிநீரைத் துளித்துளியாகக் கலந்து பழக்கியே விடல் வேண்டும். மீன்நோய்க்கு இடும் செம்பு கலந்த மருந்து நத்தைக்கு நஞ்சு என்பதையும் மறத்தலாகாது.

நத்தையை ஏவலாளாக எண்ணாது, தொட்டியில் வாழும் ஓருயிராக எண்ணுதல் வேண்டும். அதற்குரிய உணவும் இடமும் உளவோ என ஆராய்ந்து தெரிவோர்க்கு நீரும் தெளியும், நத்தையும் வாழும்.